இளம் குவாட்டர்பேக்குக்கு ஏற்ற ஆஃபென்ஸை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக் என்எஃப்எல். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் அதன் 2016 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜாரெட் காஃப், ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காக 7 ஆட்டங்களில் தொடக்க வீரராக இறங்கினார். ஏழும் தோல்வி. 'இவன் தேறமாட்டான்' என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். 2017-ல் ஷான் மெக்வே என்ற 30 வயதுக்காரர் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதே காஃப் 28 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) எறிந்தார், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) 7 மட்டுமே. அணிக்கு 11 வெற்றி, 5 தோல்வி. அதற்கடுத்த ஆண்டு இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது.

மெக்வே ஒருவரால்தான் எல்லாம் மாறியது என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு இடது டாக்கிளாக (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் ஓர ஆள்) ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார். ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப் என்று ரிசீவர்களும் (பாஸைப் பிடிப்பவர்கள்) புதிது. ஆனால் வந்தவர்கள் எல்லோரையும் காஃபுக்கு வசதியாக நிறுத்தி வைத்தது மெக்வே போட்ட ஸ்கீம், அதாவது ஆட்டமுறை.

இங்கே பேசுவது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. பந்தை வைத்திருக்கும் தரப்பு ஆஃபென்ஸ், தடுக்கும் தரப்பு டிஃபென்ஸ், ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே. பிள்ளைகளின் லீகில் கோச்சுக்கு உதவியாக நிற்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து 'ஏன் இந்தப் பிளேயைப் போடுகிறான்?' என்று தலையில் அடித்துக்கொள்பவர்களுக்கும் இது பயன்படும். மூன்று வேலைகள் உண்டு. பையன் இன்று எதை நன்றாகச் செய்கிறானோ அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதைச் சுற்றி ஆட்டத்தைக் கட்ட வேண்டும், எதிரணி அதை அடைத்தவுடன் திறப்பதற்கு அடுத்த கதவைத் தயாராக வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டோடு நின்றுவிடும் கோச்சுகள்தான் அதிகம்.

முதல் படி: பலத்தையும் பழக்கத்தையும் பிரித்துப் பாருங்கள்

கல்லூரி ஃபிலிமைப் போடும்போது 50 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டங்களை ஓரமாக வையுங்கள். தோற்றவை, கடைசிவரை இழுத்தவை, தேர்ட் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்ட தருணங்கள், இவற்றை முதலில் பாருங்கள். ஸ்க்ரீன் பாஸ்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். பக்கவாட்டில் 2 யார்டு தள்ளிக் கொடுத்த பந்தை வாங்கி ரிசீவர் 40 யார்டு ஓடினால், அந்த 40-உம் குவாட்டர்பேக் பெயரில் ஏறிவிடும். ஓடியது யார் கால் என்று ஏட்டில் இருக்காது.

பிறகு நான்கு கேள்விகள். கை: பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட, எந்தப் பகுதிக்குத் துல்லியமாகப் போகிறது? மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். நடுவில் 15 யார்டு எறிவது வேறு, எதிர்ப்பக்க ஓரத்துக்கு அதே 15 யார்டு எறிவது வேறு. இரண்டாவதில் பந்து காற்றில் கூடுதல் நேரம் இருக்கும், ஓரத்தில் ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் அதைத்தான் எதிர்பார்த்து நிற்பார். கண்: முதல் ரிசீவர் அடைபட்டால் இரண்டாவது ஆளைத் தேடுகிறானா, உடனே ஓடிவிடுகிறானா? கால்: திட்டமிட்ட ஓட்டத்தில் கெட்டியா, தப்பி ஓடுவதில் கெட்டியா? இவை இரண்டும் வேறு வேறு திறமைகள். கடைசியாக, அடி வாங்கிய அடுத்த ஸ்நாப்பில் (பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளே தொடங்கும் கணம்) எப்படி இருக்கிறான்? இந்த நான்காவதை எந்த அட்டவணையும் காட்டாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். 'கல்லூரியில் என்ன ஆடினானோ அதையே கொடு' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். காஃப் கலிஃபோர்னியா பல்கலையில் ஆடியது ஏர் ரெய்டு, பாஸ்களையே பெரிதும் நம்பும் முறை. பந்தை வாங்குவது ஷாட்கன்னில், சென்டரிலிருந்து (பந்தைப் பின்னால் கொடுக்கும் முன்வரிசையின் நடு ஆள்) 5 யார்டு பின்னால் நின்று. மெக்வே அவரை அடிக்கடி சென்டருக்கு நேர் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். காரணம், ஷாட்கன் காஃபின் பழக்கம். தாளத்தில் நின்று நடுத்தரத் தூரத்துக்குத் துல்லியமாக எறிவது அவருடைய பலம். அந்த எறிவுக்கு நல்ல ஜன்னல் திறந்து கொடுப்பது, ஓடுவதுபோல் ஏமாற்றிவிட்டு எறியும் பிளே ஆக்‌ஷன். சென்டர் பின்னாலிருந்து வரும் பிளே ஆக்‌ஷனை டிஃபென்ஸ் நம்பும். பழக்கத்தை விட்டுக்கொடுத்துப் பலத்தை வாங்கினார்கள்.

எண்களை அப்படியே நம்பவும் கூடாது. ஜாஷ் ஆலன் வயோமிங்கில் எறிந்த பாஸ்களில் சேர்ந்தவை 56 சதவீத அளவில்தான். பஃபலோ பில்ஸ் 2018-ல் ஏழாவது இடத்தில் எடுத்தபோது எத்தனையோ பேர் சிரித்தார்கள். முதலாண்டு 52.8, அடுத்து 58.8, மூன்றாம் ஆண்டு 69.2. இதைக் காட்டி 'எல்லோரும் ஆலன் ஆவார்கள்' என்று நம்பி மோசம் போன அணிகளும் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: எந்தக் குடும்பத்து ஸ்கீம்?

ஒவ்வொரு ஸ்கீமும் குவாட்டர்பேக்கிடம் வேறு வேறு வேலை கேட்கும். அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெஸ்ட் கோஸ்ட் எனப்படும் முறை பிறந்ததே இப்படி ஒரு நெருக்கடியில்தான். 1969-ல் சின்சினாட்டி பெங்கால்ஸில் கிரெக் குக் என்ற புதுமுகம். கையில் அவ்வளவு பலம், ஆழமாக எறிவார். தோளில் அடிபட்டு அவருடைய ஆட்டமே ஏறக்குறைய முடிந்துபோனது. அடுத்து வந்த வர்ஜில் கார்ட்டருக்கு அந்தக் கை இல்லை. ஆனால் குறி தப்பாது, கால் வேகம் உண்டு, தலை நன்றாக வேலை செய்யும். தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுனின் உதவியாளராக இருந்த பில் வால்ஷ், 'இவனால் ஆழமாக எறிய முடியாது' என்று புலம்பவில்லை. மைதானத்தின் நீளத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்தார். குறுகிய தூரம், சரியான நேரம், குவாட்டர்பேக்கின் காலடிக்கும் ரிசீவரின் ஓட்டத்துக்கும் ஒரே தாளம். 1970-ல் பெங்கால்ஸ் 1-6 என்று தொடங்கி மீதி ஏழையும் ஜெயித்துப் பிரிவையே வென்றது. 1971-ல் பாஸ் சேர்ந்த சதவீதத்தில் கார்ட்டர்தான் லீகில் முதல். 1979-ல் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய், மூன்றாம் சுற்றில் 82-வது ஆளாக ஜோ மான்டானாவை எடுத்த பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு சாதாரணக் கைக்காகத் தைத்த ஸ்கீம் பத்தாண்டுக்கும் மேல் லீகை ஆண்டது.

வேகமாக முடிவெடுப்பவன், குறி தப்பாதவன் என்றால் இந்தக் குடும்பம். கையில் பலம் இருக்கிறது, பாக்கெட்டில் (முன்வரிசை சுற்றி நின்று காக்கும் இடம்) நின்று அடி வாங்கவும் தயார் என்றால் ஆழமாக எறியும் முறை; ஆனால் ரிசீவர்களின் ஓட்டப் பாதைகளான ரூட்டுகள் விரிய நேரம் எடுக்கும், அதனால் முன்வரிசை பலமாக இருந்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் மைக் ஷானஹான் வழி வந்தவர்கள் போடும் அகல ஸோன் ஓட்டமும் (முன்வரிசை மொத்தமும் ஒரு பக்கமாக நகர்ந்து தடுக்கும் ஓட்டம்) பிளே ஆக்‌ஷனும் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் நல்லது. அதில் குவாட்டர்பேக் பாதி மைதானத்தைப் படித்தால் போதும். ஓடுவதற்கென்றே நிற்கும் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டுகிறான். ஓட்டம் என்று நம்பி, டிஃபென்ஸின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் இரண்டடி முன்னால் வருகிறார். அந்த இரண்டடிதான் எல்லாம். அவர் விட்டுவந்த இடத்தில் டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) குறுக்கே ஓடுகிறார். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த குவாட்டர்பேக் திரும்பியதும் கண்ணில் படுவது அந்த ஒரே ஆள்தான். திறந்திருந்தால் எறி, இல்லையென்றால் அவருக்குக் கீழே நிற்பவரிடம் எறி. ஐந்து பேரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மயாமியின் குவாட்டர்பேக் டூவா டகோவைலோவாவுக்குக் கை பலம் போதாது என்பது பழைய புகார். 2022-ல் மைக் மெக்டேனியல் தலைமைப் பயிற்சியாளராக வந்து, பந்தைச் சீக்கிரம் விடும் அந்தப் பழக்கத்தையே நடுவில் வைத்தார். பக்கத்தில் டைரீக் ஹில், ஜெய்லன் வாடில் இருவரும் மின்னல். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பிவிடும். 2023-ல் லீகிலேயே அதிக பாஸ் யார்டு டூவாவுடையது: 4,624.

கடைசியில் ஆப்ஷன் முறை, குவாட்டர்பேக்கின் கால்களை மையமாக வைத்தது: பந்தைக் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவரே அந்தக் கணத்தில் முடிவெடுப்பார். இதன் எல்லையைக் காட்ட 2011 டென்வரை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. குவாட்டர்பேக் டிம் டீபோவுக்காக நடு சீசனில் ஆட்டத்தையே மாற்றினார்கள். கான்சாஸ் சிட்டிக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் அவர் எறிந்து சேர்ந்த பாஸ்கள் இரண்டே இரண்டு. அந்த ஆட்டத்தை 17-10 என ஜெயித்தார்கள்! சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கையும் கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார்கள். அடுத்த வாரம் நியூ இங்கிலாந்திடம் 45-10 என்று உதை. அதற்கடுத்த மார்ச்சில் அவர் இடத்துக்குப் பேட்டன் மேனிங் வந்துவிட்டார்.

மூன்றாம் படி: பக்கத்தில் யார் நிற்கிறார்கள்

பால்டிமோர் ரேவன்ஸ் குவாட்டர்பேக் லமார் ஜாக்சனை 2018-ல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வது இடத்தில் எடுத்தது. ரிசீவராக மாறட்டும் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. நவம்பரில் தொடக்க வீரர் ஜோ ஃப்ளாக்கோவுக்கு இடுப்பில் அடிபட, ஜாக்சன் இறங்கி 7-ல் 6 ஜெயித்தார். அதன் பிறகு அணி செய்ததுதான் முக்கியம். கிரெக் ரோமனை ஆஃபென்ஸ் பொறுப்பாளராக உயர்த்தி, இந்தப் பையனுக்காகவே அடிமட்டத்திலிருந்து ஸ்கீமைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் காலின் கேப்பர்னிக்கை வைத்து அதே வேலை செய்த அனுபவம் ரோமனுக்கு இருந்தது.

ஸ்கீமுக்கு ஏற்ற ஆட்களும் வந்தார்கள். ரன்னிங் பேக் மார்க் இங்க்ரம். மார்க் ஆண்ட்ரூஸ், ஹேடன் ஹர்ஸ்ட், நிக் பாயில் என்று மூன்று டைட் எண்டுகள். டிஃபென்ஸிவ் லைனில் ஆடிக்கொண்டிருந்த பாட்ரிக் ரிக்கார்டு ஃபுல்பேக்காகவும் (ரன்னிங் பேக்குக்கு முன்னால் வழி திறப்பவர்) நின்றார். ஏன் இத்தனை டைட் எண்ட்? ஜாக்சன் மைதானத்தின் நடுவில் நன்றாக எறிவார், ஓரங்களில் அப்போது அவ்வளவு இல்லை. டைட் எண்ட் நடுவில் ஓடுபவர். ஓட்டப் பிளே என்றால் அதே ஆள் தடுப்பவர். எதிரணிக்கு அவர் எதற்காக நிற்கிறார் என்று ஸ்நாப் வரை தெரியாது. 2019-ல் ரேவன்ஸ் 14-2. அணி ஓடிய யார்டு 3,296, ஒரு சீசனில் அதுவரை எந்த அணியும் தொடாத எண். ஜாக்சன் மட்டும் 1,206 யார்டு ஓடினார், 36 டச்டவுன் எறிந்தார், ஒரு வாக்கும் பிசகாமல் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) ஆனார்.

பணக் கணக்கும் இதற்குள் இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் ஒப்பந்தம் 4 ஆண்டு, அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டு. அந்தக் காலத்தில் குவாட்டர்பேக் சம்பளம் மலிவு. மீதமாகும் பணத்தை எங்கே போடுவது? என்னைக் கேட்டால் முதலில் முன்வரிசை, அப்புறம்தான் ரிசீவர். பில்ஸ் 2019-ல் முன்வரிசையைப் புதுப்பித்து, ஜான் பிரவுன், கோல் பீஸ்லி என்று நம்பகமான ரிசீவர்களைச் சேர்த்த பிறகுதான் 2020-ல் ஸ்டீஃபான் டிக்ஸை வாங்கியது. நட்சத்திரம் கடைசியில் வந்தார்.

நான்காம் படி: பிளேபுக்கைச் சுருக்குங்கள், பேச்சையும்

ஒரு பிளே முடிந்தவுடன் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கோச்சின் குரல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கேட்கும்; கடிகாரம் 15-ஐத் தொட்டவுடன் இணைப்பு அறுந்துவிடும். அதாவது கோச் பேசக் கிடைப்பது 25 விநாடி, அதன் பிறகு மீதி 15. இந்த 40 விநாடிக்குள் பிளே பெயரைக் கேட்டு, மற்ற பத்துப் பேரிடம் திருப்பிச் சொல்லி, லைனுக்கு வந்து, டிஃபென்ஸைப் பார்க்க வேண்டும். சில பிளேகளின் பெயரே ஒரு முழு வாக்கியம் நீளும். புதுப் பையன் அதைத் திணறித் திணறிச் சொல்வதற்குள் நேரம் போய்விடும், டிஃபென்ஸைப் பார்க்க ஒரு கணமும் மிஞ்சாது.

மெக்வே இதில் ஒரு தந்திரம் செய்தார். அணியை லைனுக்குச் சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். டிஃபென்ஸ் எப்படி நிற்கிறது என்பது தெரிந்த பிறகும் குரல் இணைப்பு உயிரோடு இருக்கும். காஃபிடம் கடைசி வார்த்தை வரை பேசிக்கொண்டே இருப்பார். 'அவர் காஃபுக்கு ரிமோட் வைத்து ஆட்டுகிறார்' என்று கேலி செய்தார்கள். 22 வயதுப் பையனுக்கு அப்படி ஒரு உதவி கிடைத்தால் என்ன தப்பு?

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் மாதத்துக்கு மிகச் சில ஓட்டங்கள், மிகச் சில பாஸ் அமைப்புகள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் பல ஃபார்மேஷனிலிருந்து (வீரர்கள் நிற்கும் அமைப்பு) போடுங்கள். பையனுக்கு அது அதே பிளே, எதிரணிக்கு வேறு முகம். கல்லூரியில் அவன் பயன்படுத்திய பெயர்களை முடிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தையை மாற்ற வேண்டியவர் மூத்த ரிசீவர், பையன் அல்ல. ஆட்டத்துக்கு முந்தைய இரவு முதல் 15 பிளேகளின் பட்டியலை அவன் கையில் கொடுங்கள். அந்தப் பட்டியல் போடும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவரும் வால்ஷ்தான். பிடிக்காத பிளேயை அடிக்கச் சொல்லுங்கள். அவன் அடித்த பிளேயைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுங்கள். நம்பாமல் எறியும் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: ஃபர்ஸ்ட் டவுனும் பாதுகாப்பும்

2021 செப்டம்பரில் சிகாகோ பேர்ஸின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் முதன்முறையாகத் தொடக்க வீரராக கிளீவ்லண்டுக்கு எதிரே இறங்கினார். 9 முறை சாக், அதாவது எறிவதற்கு முன்பே பிடித்து வீழ்த்தப்பட்டார். கிளீவ்லண்டின் மைல்ஸ் காரெட் ஒருவரே நாலரை (இருவர் சேர்ந்து பிடித்தால் ஆளுக்கு அரை). 20-ல் 6 பாஸ் சேர்ந்து 68 யார்டு கிடைத்தது; சாக்கில் இழந்ததைக் கழித்தால் அணியின் மொத்தப் பாஸ் கணக்கு 1 யார்டு. ஆமாம், ஒன்று. கால் வேகம் இருக்கிற பையனைப் பாக்கெட்டுக்குள் நட்டுவைத்து, லீகின் மிகச் சிறந்த பாஸ் ரஷர்களில் (எறிபவரை நோக்கிப் பாய்பவர்கள்) ஒருவருக்கு எதிரே போதுமான துணை கொடுக்காமல் விட்டார்கள்.

அடுத்த வாரம் பிளே அழைக்கும் பொறுப்பு ஆஃபென்ஸ் பொறுப்பாளர் பில் லேஸர் கைக்கு மாறியது. டெட்ராய்ட்டுக்கு எதிரே டேவிட் மான்ட்கமரியின் ஓட்டத்தை முன்னால் வைத்தார்கள். ஃபீல்ட்ஸ் 17 முறைதான் எறிந்தார். 11 சேர்ந்து 209 யார்டு. 24-14 வெற்றி. டெட்ராய்ட் டிஃபென்ஸ் கிளீவ்லண்ட் அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதே பையன், இடையில் ஒரே வாரம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. இளம் குவாட்டர்பேக்கைக் காக்கும் முதல் பிளே ஃபர்ஸ்ட் டவுனில் போடுவது. அங்கே 5 யார்டு கிடைத்தால் அடுத்து ஓடலாம், எறியலாம், எதிரணிக்குக் குழப்பம். அங்கே ஒன்றும் கிடைக்காமல், செகண்ட் டவுனும் வீணாகி, தேர்ட் டவுனில் 10 யார்டு என்று வந்தால் எறிவான் என்று அரங்கத்துக்கே தெரியும். பாஸ் ரஷர் காதைத் தீட்டிக்கொண்டு பாய்வார். ஆகவே பிளே ஆக்‌ஷனையும் ஆழமான எறிவையும் ஃபர்ஸ்ட் டவுனுக்குக் கொண்டுவாருங்கள். எதிரணி அங்கேதான் ஓட்டத்தை எதிர்பார்க்கும்.

பாக்கெட்டை நகர்த்துங்கள். பூட்லெக்கில் (ஓட்டத்தை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் போவது) பையன் எறியும் கைப் பக்கமாக ஓடினால் அவன் கண்ணுக்கு மைதானம் பாதிதான், ரஷருக்கோ இலக்கு ஓரிடத்தில் நிற்காது. எதிரே காரெட் மாதிரி ஒருவர் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு டைட் எண்டை நிறுத்துங்கள். ரன்னிங் பேக் வெளியே ஓடுவதற்கு முன் தோளால் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போகட்டும். பிளிட்ஸ் (வழக்கத்தைவிட அதிகம் பேர் பாய்வது) வந்தால் யாரை யார் பிடிப்பது என்று கூப்பிடும் வேலையை முதலாண்டு சென்டரிடம் கொடுத்துவிடலாம். அனுபவமுள்ள சென்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆறாம் படி: கால்களைப் பயன்படுத்துங்கள், ஆளை உடைத்துவிடாமல்

குவாட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தால், ஓட்டத்தில் அந்த அணிக்கு ஆள் 10, எதிரணிக்கு 11. ஸோன் ரீட் அந்தக் கணக்கைச் சரிசெய்கிறது. ஷாட்கன்னில் பந்தை வாங்கிய பையன் அதை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைக்கிறான், இன்னும் விடவில்லை. முன்வரிசை வேண்டுமென்றே ஒரு டிஃபென்ஸிவ் எண்டைத் (டிஃபென்ஸ் முன்வரிசையின் ஓர ஆள்) தடுக்காமல் விட்டிருக்கிறது. பையனின் கண் அந்த ஒருவர் மேல்தான். அவருடைய தோள் உள்பக்கம் திரும்பி ரன்னிங் பேக்கைத் துரத்தினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடு. அவர் நேராக நின்று உன்னையே பார்த்தால் விட்டுவிடு, பேக் உள்ளே ஓடட்டும். அவர் எதைச் செய்தாலும் தப்பு. யாரும் தொடாமலே ஒருவரை ஆட்டத்திலிருந்து எடுத்தாயிற்று. இதோடு ஒரு குட்டிப் பாஸையும் சேர்த்தால் அதுதான் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்).

2012 வாஷிங்டனில் மைக் ஷானஹானும் மகன் கைலும் ராபர்ட் கிரிஃபின் என்ற புதுமுகத்துக்கு இதைத்தான் கொடுத்தார்கள். அவர் ஓடியது 815 யார்டு. எறிந்தது 20 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். ஆறாம் சுற்றில் வந்த ஆல்ஃபிரட் மாரிஸ் 1,613 யார்டு ஓடினார். புதுமுகத்துக்காகத் தைத்த ஸ்கீம்களில் இவ்வளவு அழகாகப் பொருந்திய ஒன்று அபூர்வம். டிசம்பரில் பால்டிமோருக்கு எதிரே முழங்காலில் அடி. ஜனவரி 6, 2013, சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃபில் அதே முழங்கால் மடிந்து விழுந்தார். அதற்குப் பிறகு அந்த கிரிஃபின் திரும்பி வரவே இல்லை. டிசம்பரில் அடிபட்டது ஆப்ஷன் ஓட்டத்தில் அல்ல, பாக்கெட்டிலிருந்து தப்பி ஓடியபோது. எனக்கு வருத்தம் ஸ்கீம் மேல் இல்லை. நொண்டிக்கொண்டிருந்தவரை வெளியே எடுக்காததுதான் வருத்தம்.

விதிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆட்டத்துக்கு இத்தனை திட்டமிட்ட ஓட்டங்கள்தான் என்று ஒரு உச்சவரம்பு. உள்பக்க ஓட்டம் ரன்னிங் பேக்குக்கு, ஓரம் குவாட்டர்பேக்குக்கு. இரண்டு டச்டவுன் முன்னிலை என்றால் அவன் ஓட வேண்டாம். சறுக்கி உட்காரவும் கோட்டைத் தாண்டி வெளியே போகவும் பயிற்சியில் நிஜமாகவே பழக்குங்கள்; பெரும்பாலான இளைஞர்களுக்குச் சறுக்கவே தெரியாது.

ஏழாம் படி: எதிரணி அடைத்த பிறகு

ஒரு ஸ்கீம் சரியாகப் பொருந்திவிட்டால் 8 வாரத்துக்குள் 31 அணிகளிடமும் அதன் ஃபிலிம் இருக்கும். 2018 டிசம்பரில் ரேவன்ஸ் சார்ஜர்ஸை 22-10 என அடித்தது. இரண்டே வாரம் கழித்துப் பிளேஆஃபில் மீண்டும் சந்திப்பு. சார்ஜர்ஸ் கனமான லைன்பேக்கர்களை உட்காரவைத்துவிட்டு, ஏறக்குறைய ஆட்டம் முழுக்க பின்வரிசைக் காவலர்களான டிஃபென்ஸிவ் பேக்குகள் 7 பேரோடு வந்தது. வேகத்துக்கு வேகம். 23-17 என ரேவன்ஸ் வெளியே. காஃபுக்கும் இதே கதைதான்: 2019 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தின் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் லைனில் ஆறு பேரை விரித்து நிறுத்தி அகல ஓட்டத்தின் ஓரங்களை அடைத்தார். ஓட்டம் இல்லை, அதனால் பிளே ஆக்‌ஷனை யாரும் நம்பவில்லை. ராம்ஸ் எடுத்தது 3 புள்ளி.

14-2 அணிக்கும் அந்த நாள் வந்தது. 2020 ஜனவரியில் டென்னஸியிடம் ரேவன்ஸ் ஆரம்பத்திலேயே பின்தங்கியது. ஓடி ஓடி நேரத்தைத் தின்னும் ஆஃபென்ஸுக்குத் துரத்தத் தெரியவில்லை. ஜாக்சன் 59 முறை எறிய வேண்டி வந்தது, 28-12 தோல்வி. ஒரு ஸ்கீமைச் சோதிக்க நான் கேட்கும் கேள்வி இதுதான்: 14 புள்ளி பின்தங்கியிருக்கும்போது போடுவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே வாராவாரம் மூன்று பத்தி எழுதுங்கள். நாம் அதிகம் போடும் பிளே எது, அதை அடைக்க எதிரணி எந்த ஆளை நகர்த்தும், அந்த ஆள் விட்டுப்போன இடத்தில் நம் பதில் என்ன. பதில் பழைய பிளே மாதிரியே தொடங்க வேண்டும், வேறு மாதிரி முடிய வேண்டும். புதிதாக 20 பிளே சேர்ப்பது பதிலாகாது. அது பீதி.

எட்டாம் படி: சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்

முதலாண்டு பாதி மைதானம் படிக்கட்டும். இரண்டாம் ஆண்டு முழு மைதானம், பிளிட்ஸ் கூப்பிடும் வேலை. அதற்கப்புறம் லைனில் நின்று பிளேயை மாற்றும் உரிமை. ஜாக்சனுக்கு 2023-ல் புதிய ஆஃபென்ஸ் பொறுப்பாளராக டாட் மான்கன் வந்தார். ஓரங்களுக்கு எறிவதும் ரிசீவர்களின் பங்கும் கூடின. அந்த ஆண்டு பாஸ் சேர்ந்தது 67 சதவீதம், இரண்டாவது எம்விபி. 2024-ல் 4,172 யார்டு, 41 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன். 2019-ல் இதையே அவரிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

நடு சீசனில் திரும்புவதற்கும் தயங்க வேண்டாம். 2021-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஜேலன் ஹர்ட்ஸை நிறைய எறியவைத்து 2-5 என்று தொடங்கியது. மூக்குடைபட்ட பிறகு ஓட்டத்துக்கு மாறி, லீகிலேயே அதிகம் ஓடிய அணியாகி 9-8 என முடித்தது. அடுத்த ஏப்ரலில் ரிசீவர் ஏ.ஜே. பிரவுன் வந்தார், அந்த சீசன் சூப்பர் பவுலில் முடிந்தது. சிகாகோவும் 2022 அக்டோபரில் இப்படித் திரும்பியது. ஃபீல்ட்ஸ் மயாமிக்கு எதிரே 178 யார்டு ஓடி வழக்கமான சீசனில் குவாட்டர்பேக் சாதனை படைத்தார். அந்த ஆட்டத்திலும் தோல்வி. சீசன் 3-14, சாக் 55. முன்வரிசையும் ரிசீவர்களும் இல்லாத இடத்தில் ஸ்கீம் புள்ளிகளைக் கொண்டுவரும், வெற்றியைக் கொண்டுவராது.

அதனால் முன்னேற்றத்தை வெற்றி தோல்வியில் அளக்காதீர்கள். இரண்டாவது ரிசீவருக்கு எத்தனை பந்து போகிறது, தேர்ட் டவுனில் நீண்ட தூரம் எத்தனை முறை வருகிறது, சாக்குகளில் எத்தனை அவனே பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் வந்தவை, இவைதான் உண்மையைச் சொல்லும்.

ஒன்பதாம் படி: எழுதியவர் போய்விட்டால்

ஸ்கீம் பலித்தால் அதை எழுதியவரை வேறு அணி தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆலனை வளர்த்த பிரையன் டேபல் 2022-ல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் போனார். ஹர்ட்ஸுக்குப் பிளே அழைத்த ஷேன் ஸ்டைக்கன் 2023-ல் இண்டியானாபொலிஸுக்கு. ஸ்டைக்கன் போன ஆண்டு ஈகிள்ஸ் 10-1 என்று பறந்து, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்றது. டிஃபென்ஸும் சரிந்ததுதான், ஆனால் பிளிட்ஸுக்கு ஆஃபென்ஸிடம் பதிலே இல்லாமல் போனதைப் பார்த்தோம்.

ஸ்கீமின் பெயர்களும் பாதுகாப்பு விதிகளும் தலைமைப் பயிற்சியாளரின் சொத்தாக இருக்கட்டும், பொறுப்பாளரின் பையோடு போய்விடக் கூடாது. புதியவரை நேர்காணலுக்குக் கூப்பிடும்போது அவருடைய பிளேபுக்கைக் கேட்காதீர்கள். உங்கள் பையனின் போன ஆண்டு ஃபிலிமை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு, அதில் எந்தப் பத்துப் பிளேயை அப்படியே வைத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பத்தையும் பெயர் சொல்லி, ஏன் என்றும் சொல்பவரை அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.